சிரிப்புத் தொடருக்கு ஆயுள் ஏன் குறைவு?

வீட்டுக்கு வீடு பிடித்துப்போன நகைச்சுவைத் தொடர், தமிழ்த் தொலைக்காட்சியில் நெடுநாள் ஓடியது அபூர்வம். குடும்பச் சிக்கல்களைச் சொல்லும் மெகா சீரியல் ஆயிரம் எபிசோடைச் சாதாரணமாகத் தாண்டும். 2003-ல் சன் டிவியில் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை ஓடி, ஆயிரத்து ஐந்நூறையும் தாண்டியது. 1998-ல் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி'யைப் பார்த்தவர்கள் அதன் காட்சிகளை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கையில் அது 'கோலங்கள்' பக்கத்தில்கூட வரவில்லை. நல்லது சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று ஆதங்கப்படுபவர்கள் சேனலைத் திட்டுகிறார்கள். சேனலும் ஒரு காரணம்தான். ஆனால் காரணம் அங்கே தொடங்கவில்லை. நகைச்சுவையின் இயல்பிலேயே தொடங்குகிறது.

சிட்காம் என்று சொல்லப்படும் தொடரில் அதே வீடு, அதே ஆட்கள். வாரம் ஒரு குழப்பம் வரும், அரை மணிக்குள் தீரும், அடுத்த வாரம் எல்லாரும் பழைய இடத்திலேயே நிற்பார்கள். கஞ்சன் கஞ்சனாகவே இருக்க வேண்டும், அசடு அசடாகவே இருக்க வேண்டும். திருந்திவிட்டால் தொடர் முடிந்தது. மெகா சீரியலில் ஒருவர் இறக்கலாம், ஒரு குழந்தை பிறக்கலாம், காணாமல் போனவர் திரும்பி வரலாம். கதை அதில் நீளும். சிட்காமுக்கு அந்த வழி இல்லை. அழுகையைப் பத்து நிமிடம் இழுக்கலாம், மூன்று நொடியில் சொல்லவேண்டிய ஜோக்கை முப்பது நொடிக்கு இழுத்தால் அது ஜோக்காக இருக்காது.

ஜோக் எங்கே நீடித்து வாழும் என்பதை உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களில் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். காஞ்சிபுரம் மாவட்டம் கூத்து வாழும் பூமி. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இரவு இரவாகப் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் படுகளத்தோடு நிறைவடையும். அதில் விடிய விடிய ஜனங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பவர் கட்டியங்காரன். அந்த ஊர் ரேஷன் கடையையும் ஏரி மதகையும் பாரதக் கதைக்குள் இழுத்து வந்து சிரிக்க வைப்பார். நாளைக்கு அடுத்த ஊர் போனால் ஜோக்கின் எலும்புக்கூடு அதேதான், ஏரியின் பெயர் மட்டும் மாறும். ஒரு கலைஞர் இருபது வருடம் சேர்த்த சரக்கு அவர் ஆயுளுக்கும் போதும். சென்னை சபா நாடகங்களும் இப்படித்தான். காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர், கிரேஸி மோகன் குழுவினர் ஒரே நாடகத்தை நூற்றுக்கணக்கான தடவை போட்டார்கள். மேடையில் பார்வையாளர் மாறிக்கொண்டே இருப்பதால் ஜோக் நிலைத்து நிற்கிறது.

தொலைக்காட்சி இதைத் தலைகீழாக்கிவிட்டது. அங்கே பார்வையாளர் அதே ஆள், ஜோக்தான் மாறியாக வேண்டும். ஒரு நாடகத்துக்கு ஒரு வருடம் யோசித்து எழுதியதை ஒரே இரவில் ஊரே பார்த்து முடித்துவிடும். அடுத்த வாரத்துக்குப் புதிதாக எழுத வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்று பத்துப் பன்னிரண்டு எழுத்தாளர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து எழுதும் முறை உண்டு. தமிழில் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஐம்பதாவது வாரத்தில் அவர் கை ஓய்ந்துபோவதில் ஆச்சரியம் இல்லை.

தூர்தர்ஷன் காலத்தில் ஆயுளை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஸ்பான்சர் தொடர்கள் வந்தபோது பதின்மூன்று வாரம், அதாவது ஒரு காலாண்டு, என்பதுதான் வழக்கமான அளவு. தயாரிப்பாளர் நிலையத்துக்குக் கட்டணம் கட்டுவார். கிடைக்கும் விளம்பர நேரத்தை விற்றுப் போட்ட பணத்தை எடுப்பார். மறுபடி அனுமதி கிடைத்து, ஸ்பான்சரும் நின்றால்தான் நீட்டிப்பு. தேவன் ஆனந்த விகடனில் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்ததும், எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்' வந்ததும் அந்தக் காலத்தில்தான். கிராமத்தில் ஆன்டெனா இருந்த நாலைந்து வீட்டுத் திண்ணைகளில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, சாம்பு பழகிய ஆளாகும்போதே விடைபெற்றது ஏமாற்றம்தான். ஆனாலும் அந்த அளவு எழுதுபவருக்கு நியாயமாக இருந்தது. பதின்மூன்று நல்ல கதைகளை ஒருவரால் எழுதிவிட முடியும்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. ராஜ், விஜய், ஜெயா எல்லாம் அடுத்தடுத்து வந்தன. தொண்ணூறுகளின் பிற்பாதிதான் தமிழ் நகைச்சுவைத் தொடருக்கு வாய்த்த நல்ல காலம். கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கத்தில் 'ரமணி வெர்சஸ் ரமணி' வந்தது. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. பப்லு பிருத்விராஜும் வாசுகியும் நடித்த அந்த முதல் பாகத்தை இழுத்தடிக்காமல் முடித்தார்கள். பிறகு வந்த இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும் ரமணிகளானார்கள். பெயரையும் அடிப்படையையும் வைத்துக்கொண்டு ஜோடியை மாற்றிய அந்த முடிவைத் தமிழ்த் தொலைக்காட்சியில் எடுக்கப்பட்ட புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்று என்றே சொல்ல வேண்டும்.

அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. 1999 இறுதியில் தொடங்கிய 'சித்தி', தினசரித் தொடர் எவ்வளவு பெரிய வியாபாரம் என்று காட்டிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கு வாரத்துக்கு ஐந்து நாளாக மாறியது. சிட்காமை ஒரு வாரம் தவறவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அடுத்த வாரம் தாராளமாகப் பார்க்கலாம். பார்ப்பவருக்கு அது சௌகரியம், விளம்பரம் விற்பவருக்கு அது நஷ்டம். அவருக்கு வேண்டியது தினமும் அதே நேரத்தில் டிவி முன்னால் வந்து உட்காரும் பழக்கம். அந்தப் பழக்கத்தைத் தருவது 'நாளைக்கு என்ன ஆகும்' என்ற கவலைதான். படப்பிடிப்பிலும் இதே கணக்கு. சோகக் காட்சியில் முகங்களை மாற்றி மாற்றிக் காட்டி நேரத்தை நிரப்பலாம். நகைச்சுவைக் காட்சிக்கு ஒத்திகை வேண்டும், ஒருவர் முடிக்கும் நொடியில் மற்றவர் தொடங்க வேண்டும், ஒருவர் தவறினாலும் மறுபடி எடுக்க வேண்டும்.

இத்தனையும் தாண்டி வெற்றி பெற்றால் சினிமா வந்து நிற்கும். விஜய் டிவியின் 'லொள்ளு சபா' இதற்குச் சரியான உதாரணம். ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சி வாராவாரம் ஒரு படத்தை எடுத்துக் கேலி செய்தது. கண்டிப்பான அர்த்தத்தில் சிட்காம் அல்ல, ஆனால் ஒரே குழு, ஒரே பாணி. அதில் நடித்த சந்தானம் 2004-ல் 'மன்மதன்' படத்தில் வந்தார்; சில ஆண்டுகளில் முன்னணி நகைச்சுவை நடிகரானார். சுவாமிநாதன், மனோகர், யோகி பாபு என்று பலர் அங்கிருந்து வெள்ளித்திரைக்குப் போனவர்கள். ராம்பாலாவே 2016-ல் 'தில்லுக்கு துட்டு' இயக்கினார். கால்ஷீட்டுக்குப் பெரிய சம்பளம் கிடைக்கும்போது வாரச் சம்பளத்துக்கு நிற்கச் சொல்வது நியாயமும் இல்லை. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் பட்டாபியாக வந்த எம்.எஸ்.பாஸ்கரையும் சினிமா அப்படியே அழைத்துக்கொண்டது. மெகா சீரியலில் நாயகி விலகினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டு நகர்ந்துவிடலாம். சிரிப்பு ஒருவரின் முகத்திலும் குரலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் போனால் அதுவும் போகும்.

இதில் யாரும் அதிகம் பேசாத விஷயம், யார் பார்த்தார்கள் என்பதை எப்படி எண்ணினார்கள் என்பது. தொடரின் தலையெழுத்தை எழுதுவது டிஆர்பி. குறிப்பிட்ட வீடுகளில் கருவி பொருத்தி, அங்கே ஓடுவதைக் கொண்டு மொத்தத்தையும் கணிப்பார்கள். 2010-களின் தொடக்கம் வரை அந்தக் கருவிகள் பெரும்பாலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில்தான் இருந்தன. உத்திரமேரூர் சுமார் 25 ஆயிரம் பேர் வாழும் பேரூராட்சி. சுற்றிலும் இருப்பவை அதைவிடச் சிறிய ஊர்கள். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாகக் கொடுத்தது. குடிசைகளுக்கும் டிவி வந்தது, கேபிள் வந்தது. ஆனாலும் அந்த வீடுகளில் எழுந்த சிரிப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பார்வையாளர்களைக் கணக்கிடும் பார்க் (BARC) அமைப்பு ஊரகத்தையும் சேர்த்து எண்ணத் தொடங்கியது 2015 அக்டோபரில்தான். அதற்குள் இரவு நேரம் முழுவதையும் தினசரித் தொடர்கள் பிடித்துவிட்டன.

டிஆர்பி சொன்னது தவறு என்று பிறகு தெரிந்த கதையும் உண்டு. இந்தியில் 2004-ல் ஸ்டார் ஒன்னில் வந்த 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்', புள்ளி குறைவு என்று 2006-ல் நின்றது. மறு ஒளிபரப்பிலும் இணையத்திலும் அதன் ரசிகர்கள் பெருகிக்கொண்டே போனதால் 2017-ல் இணையத் தொடராக அதே குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

தாங்களாகவே நிறுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் 'ஃபால்டி டவர்ஸ்' 1975-ல் ஆறு எபிசோட், 1979-ல் ஆறு எபிசோட், அவ்வளவுதான். உலகின் சிறந்த நகைச்சுவைத் தொடர்களில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 'சைன்ஃபெல்ட்' புகழின் உச்சியில் இருந்த 1998-ல், ஜெர்ரி சைன்ஃபெல்ட் தாமே போதும் என்று முடித்தார். இப்படி முடிவது வேறு. எழுத ஆள் இல்லாமலும் நேரம் பறிபோயும் நிற்பது வேறு. தமிழில் நடந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகை என்பதுதான் வருத்தம்.

இப்போது ஊரக வீடுகளும் கணக்கில் இருக்கின்றன. கைபேசி வழியே பழைய 'லொள்ளு சபா' பகுதிகளைக் கிராமத்துப் பிள்ளைகளும் தேடிப் பார்க்கிறார்கள். சேனல்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓர் அரை மணியை நகைச்சுவைக்கு ஒதுக்க வேண்டும். இருபத்தாறு வாரத்தில் முடியும் என்று முதல் நாளே அறிவிக்க வேண்டும். ஒருவர் தலையில் கட்டாமல் நாலைந்து எழுத்தாளர்களை, அதில் கூத்துமேடை தெரிந்த ஒருவரையாவது, சேர்த்து உட்கார வைக்க வேண்டும்.