பல்லுக்கு கேப் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்கு வருகிறவர்களில் சிலர், "டாக்டர், விழுந்த பல் மறுபடி முளைக்க ஏதாவது வேர் இருக்கா?" என்று என்னைக் கேட்பதுண்டு. இல்லவே இல்லை! ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் இருக்கிற பல்லைக் காக்கத்தான். போன பல்லுக்குச் செயற்கைப் பல்தான் வழி.

அதைச் செய்வது பெரும்பாலும் உங்கள் பல் டாக்டர் அல்ல, டெண்டல் லேப். மெழுகில் பல் வடித்து, அச்செடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். சுவாமிமலையில் சாமி சிலை வார்க்கிற அதே முறை! இன்றோ ஸ்கேனர் அளவெடுக்கிறது, கம்ப்யூட்டர் வரைகிறது, மெஷின் ஜிர்கோனியா கட்டியைக் கடைகிறது. சூளையில் சுட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் முதலிலேயே பெரிதாகக் கடைவார்கள்.

வேகம் நல்லதுதான். ஆனால் கூடவே விலைப் போட்டியும் வந்துவிட்டது. மலிவான உலோக கேப் பலவற்றில் நிக்கல் உண்டு. கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறதா? நிக்கல் உங்களுக்கு ஆகாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு அம்மா, கேப்பைச் சுற்றி ஈறு சிவந்துபோய், என்னிடம் பற்பொடி கேட்டு வந்தார். பொடி தரவில்லை, பல் டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். கேப்பை மாற்றியதும் ஈறு ஆறியது.

கேப் போடுமுன் கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன பொருள்? நிக்கல் கலந்ததா? கேரண்டி கார்டு உண்டா? கடிப்பு சரியாக இல்லையென்றால் திருத்தித் தருவீர்களா?

மெஷின் கடைந்தாலும், பார்த்துச் சரிசெய்யக் கைதேர்ந்த ஆள் வேண்டும். அந்தக் கைக்கு உரிய கூலியில் பேரம் வேண்டாம். தினமும் மூன்று வேளை மெல்லப்போவது நீங்கள்தானே!