மளிகைப் பட்டியல் – 9: பாக்கெட்டைத் திருப்புங்கள்

சென்ற வாரம் எண்ணெய் அடுக்கின் முன்னால் நின்றோம். அதற்கு இரண்டு வரிசை தள்ளித்தான் பிள்ளைகள் நம் கையைப் பிடித்து இழுத்துப் போகும் இடம்: பிஸ்கட், சிப்ஸ், மிக்சர்.

‘ஓட்ஸ்’ என்று பெயர் போட்ட பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுங்கள். முன்பக்கம் முழுக்கக் கதிரும் தேனும் பாலும். பின்பக்கம், பொடி எழுத்தில், சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்’ என்று இருந்தால் அது மைதாதான். அடுத்து பெரும்பாலும் சர்க்கரையும் பாமாயிலும் வரும். பெயர் கொடுத்த ஓட்ஸ் எங்கே என்று தேடுங்கள். பக்கத்திலேயே சதவீதம் போட்டிருப்பார்கள். நாம் காசு கொடுத்து வாங்கும் ஓட்ஸ் அவ்வளவுதான்.

சர்க்கரை ஒரே பெயரில் வருவதில்லை. இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று பிரித்து எழுதும்போது ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுப்பொருள், ஆனால் சர்க்கரையைப் போலவே இரத்தத்தில் வேகமாக ஏறும். இந்தப் பெயர்களைத் தமிழில் பார்ப்பது அரிது. ஆங்கிலமோ தேவநாகரி எழுத்தில் இந்தியோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். விளம்பரத்தில் நம்மோடு தமிழில் பேசத் தெரிந்த நிறுவனங்களுக்கு, சேர்மானத்தைத் தமிழில் அச்சிட என்ன தடை? பிள்ளைக்கு வாங்கித் தரும் தாய்க்குப் படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. இதில் எனக்கு ஆறாத கோபம்.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. அதில் 100 கிராமுக்கு என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். ‘ஒரு சர்விங்’ என்று அவர்கள் சொல்வது இரண்டு மூன்று பிஸ்கட்டாக இருக்கும்; எந்தப் பிள்ளை அதோடு நிறுத்துகிறது? 100 கிராமில் சர்க்கரை 25 கிராம் என்றால், 60 கிராம் பாக்கெட்டைக் காலி செய்யும் பிள்ளைக்கு 15 கிராம் போகிறது. நாலு டீஸ்பூனுக்குச் சற்றே குறைவு. அருகில் ஆர்.டி.ஏ. என்று ஒரு சதவீதம் இருக்கும். அது 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு, நாளொன்றுக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்று வைத்துப் போட்ட கணக்கு. 25 கிராமுக்குள் நிறுத்துவது இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 2,000 கலோரியே தேவையில்லை. ஆகவே அந்தச் சதவீதத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

கார வகைகளில் சோடியத்தைப் பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் இருக்க வேண்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது? பருப்பு வகை இருக்கும் பக்கம் போங்கள். பொட்டுக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம். அதோடு பொரியைக் கலந்து, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக் கொடுத்தால் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு இரவுச் சாப்பாடு வரை பசி தாங்கும். வெறும் பொரி தாங்காது. கறுப்புக் கொண்டைக்கடலையைக் காலையில் ஊறப் போட்டால் மாலையில் சுண்டல். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய், கடலை நிறைய இருப்பதால் மைதா பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் வெல்லமும் சர்க்கரைதான். ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

வேர்க்கடலையைச் சில்லறையில் வாங்கும்போது ஒரு பிடி கையில் எடுத்துப் பாருங்கள். சுருங்கியோ கறுத்தோ பூஞ்சை வாடை அடித்தோ இருந்தால் வேண்டாம். அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அதில் இருக்கலாம். வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை எதுவும் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். பொடித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள்.

அடுத்த வாரம், பாலில் கலக்கும் சத்து மாவுகள்.

(தொடரும்)