கன்வெர்ட்டரை கழட்டினால் கார் பறக்குமா? டாக்சி டிரைவர்களே உஷார்!

சென்னை:

"அண்ணே, அந்த டப்பாவை கழட்டி போட்டுட்டு வெறும் பைப் வச்சிடலாம். வண்டி சும்மா பிச்சிக்கிட்டு போகும், மைலேஜும் ஏறும்."

பிக்கப் இல்லை என்று பெட்ரோல் காரை செட்டுக்கு கொண்டுபோகும் டாக்சி டிரைவர்கள் பலர் கேட்கும் பேச்சு இது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பறப்பது வண்டி அல்ல, டிரைவரின் காசு.

அந்த 'டப்பா'தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இதுபற்றிய விவரம் வருமாறு:-

உள்ளே தேன்கூடு

என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, புகைக்குழாயில் இது உட்கார்ந்திருக்கும். உள்ளே தேன்கூடு போல துளை துளையாக ஒரு பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிசாக பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய விஷங்களை பெருமளவு கரியமில வாயு, நீராவி, நைட்ரஜனாக மாற்றி அனுப்புவது இதன் வேலை.

சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயமாக்கப்பட்டது. அப்போது ஓடிய கார்பரேட்டர் வண்டிகளில் டப்பாவை கழட்டினால் என்ஜினுக்கு அது தெரியாது. அந்த காலத்து பேச்சுதான் இன்னும் செட்டுகளில் ஓடிக்கொண்டு இருக்கிறது.

வேவு பார்க்கும் சென்சார்

இப்போதைய கார்களில் கதையே வேறு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார். முன்னால் இருப்பது சொல்வதை வைத்துத்தான் பெட்ரோலை கூட்டுவதா, குறைப்பதா என்று வண்டியின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பின்னால் இருப்பது, டப்பா வேலை செய்கிறதா என்று வேவு பார்க்கிறது.

டப்பாவை எடுத்துவிட்டால் இரண்டு சென்சாரும் ஒரே மாதிரி ஆடும். திருட்டு தெரிந்துபோகும். சில டிரிப்புகளிலேயே 'செக் என்ஜின்' லைட் எரியும். ஸ்கேனர் போட்டால் பி-0420 என்று காட்டும். அந்த லைட் எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தால், நாளைக்கு நிஜமாகவே வேறு கோளாறு வந்தாலும் டிரைவருக்கு தெரியாது.

வெல்டிங் சரியில்லாமல் முன் சென்சார் பக்கத்தில் லீக் இருந்தால் இன்னும் மோசம். வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் போதவில்லை போல என்று கம்ப்யூட்டர் ஏமாந்து, இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றும். ஏறும் என்று சொன்ன மைலேஜ் இறங்கிவிடும்.

ரேஸ் கார்களில் புகைக்குழாய் முழுவதையும் மாற்றி, கம்ப்யூட்டரையும் அதற்கேற்ப திருத்தி பவர் கூட்டுவது உண்டு. ஊருக்குள் ஓடும் 1,200 சி.சி. டாக்சியில் டப்பாவை மட்டும் எடுத்தால் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கூடினாலே பெரிசு. சத்தம் மட்டும் நன்றாக கூடும். அந்த சத்தத்தில் வண்டி வேகமாக போவதுபோல தெரியும். காதுக்குத்தான் பிக்கப்!

'எனக்கு நிஜமாவே ஏறிச்சே!'

கழட்டிய பிறகு வண்டி நன்றாக இழுத்தது என்று சிலர் அடித்து சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. அந்த வண்டியில் கன்வெர்ட்டர் அடைத்துப்போய் இருந்திருக்கும்.

அடைப்பு சும்மா வருவதில்லை. ஸ்பார்க் பிளக்கோ, இக்னிஷன் காயிலோ பழுதாகி வண்டி மிஸ்ஸிங் அடித்தால், எரியாத பெட்ரோல் நேராக கன்வெர்ட்டருக்கு போய் அங்கே எரியும். சூடு அளவுக்கு மீறி ஏறினால் உள்ளே இருக்கும் கட்டி உருகி துளைகள் மூடிவிடும். பிஸ்டன் ரிங் தேய்ந்து என்ஜின் ஆயிலை குடித்தாலும் பூச்சு கெட்டு அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற முடியாமல் என்ஜின் திணறும். மேட்டில் ஏறாது, ரேஸ் கொடுத்தாலும் ஒரு அளவுக்கு மேல் போகாது.

டப்பாவை கழட்டினால் மூச்சுத்திணறல் நிற்கும். நோய் அப்படியே இருக்கும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய வேலை, பிறகு என்ஜின் வேலையில் போய் முடியும்.

உண்மையில் அடைப்புதானா என்று பார்க்க டப்பாவை அறுக்க வேண்டியதில்லை. முன் சென்சாரை கழட்டி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டினால் போதும். 2,500 ஆர்.பி.எம்.மில் ரேஸ் கொடுத்து பிடிக்கும்போது 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். பிக்கப் குறைச்சல் என்று போகிறவர் முதலில் இந்த சோதனையை கேட்டு வாங்க வேண்டும்.

டப்பா எங்கே போகிறது?

"கூலி வேண்டாம், பழசை மட்டும் விட்டுட்டு போங்க" என்று ஒருவர் சொன்னால் டிரைவர் யோசிக்க வேண்டும். 2021-ம் ஆண்டில் ரோடியத்தின் விலை தங்கத்தைவிட பல மடங்கு எகிறியது. குஜராத், மகாராஷ்டிராவில் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சரை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போன கும்பல்கள் பிடிபட்டது இந்த உலோகத்துக்காகத்தான். காயலான் கடையில் போடும் வெறும் இரும்பு இல்லை அது.

கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகன சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். மாசு வரம்பை மீறினால் ரூ.10 ஆயிரம் வரை அபராதம் தனி. புகை சோதனையில் பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டப்பா இல்லாத வண்டி அதில் தேறுவது கஷ்டம். எப்.சி.க்கு போகும் நேரத்தில், சும்மா கொடுத்த பொருளை ஆயிரக்கணக்கில் கொட்டி மறுபடி வாங்க வேண்டி வரும்.

தூங்கும் டிரைவருக்கு ஆபத்து

ராத்திரி சவாரிக்கு இடையே கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே தூங்குவது டாக்சி டிரைவர்களின் வழக்கம். கன்வெர்ட்டர் நல்ல நிலையில் உள்ள வண்டியிலேயே இது ஆபத்து. கழட்டிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு பல மடங்கு அதிகமாக வரும். மட்டமான வெல்டிங்கில் லீக் இருந்தால் அடியில் தேங்கும் புகை உள்ளே நுழையும். இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது.

வண்டி ஓடிக்கொண்டு இருக்கும்போது காரணம் இல்லாமல் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே என்ஜினை நிறுத்தி, கதவை திறந்து வெளியே வந்துவிட வேண்டும்.