வழியும் உணவும்: வவுனியா நகரத்து உண்டிச்சாலைகள்

வழியும் வழிப்போக்கரும் உளவாயவிடத்து உண்டிச்சாலையும் உளதாதல் இயல்பு. மனையில் உண்பான் கடையை நாடான்; மனையை நீங்கினானுக்கே கடைச்சோறு வேண்டப்படும். சிலப்பதிகாரம் புகார் நகரத்துப் பிட்டு விற்போரைக் காழியர் என்றும், அப்பம் விற்போரைக் கூவியர் என்றும் தனித்தனிப் பெயரிட்டுக் கூறுதலும், மதுரைக்காஞ்சி கூடல்நகரத்து இரவுக் கடைகளில் அடையும் மோதகமும் விலைப்பட்டமை கூறுதலும் இவ்வழக்கின் தொன்மையைக் காட்டும். ஆகவே, ஒரு நகரத்தின் உண்டிச்சாலைகளை ஆராயப் புகுவார், அங்கு வந்து தங்குவோர் யாவர் என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

வவுனியா, வழிகள் கூடுமிடத்து வளர்ந்த நகரமாகும். கண்டி - யாழ்ப்பாணப் பெருந்தெரு அதனை ஊடறுத்துச் செல்கின்றது. மேற்கே பூவரசங்குளம் முதலிய குளத்தூர்களினூடாக மன்னார்த் தெரு செல்கின்றது. மடுத் திருத்தலத்து ஆவணித் திருவிழாவுக்குச் செல்வோரிற் பலர் அத்தெருவழியே செல்வர். 1905ஆம் ஆண்டிலே காங்கேசன்துறை வரையும் நிறைவுற்ற புகையிரதப் பாதை, போரினால் 1990இல் வடக்கே துண்டிக்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் வவுனியாவே பயணத்தின் எல்லையாயிற்று. அனுமதிச்சீட்டுக்கும் வாகனத்துக்குமாகக் காத்திருந்தோரின் பசியே அந்நாளிற் கடைகளை வளர்த்தது. 2009இல் போர் முடிந்து தெரு திறந்தமையாலும், 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டமையாலும் காத்திருப்போர் தொகை குறைந்தது. துன்பத்தால் வளர்ந்த வாணிகம் அத்துன்பம் நீங்கியபோது வேறு வாடிக்கையாளரைத் தேடவேண்டியதாயிற்று.

இந்நகரத்துக் கடைகளை இருவகைப்படுத்தலாம். நகர நடுவிலுள்ள சாப்பாட்டுக்கடைகள் நண்பகலிற் சோறும் கறியும், இரவில் இடியப்பம், பிட்டு, கொத்துரொட்டி என்பனவும் வழங்குவன. புறநகரிலும் குளத்தூர்ச் சந்திகளிலும் உள்ள தேநீர்க்கடைகளோ வயலுக்குச் செல்வாரை விடியலிலே எதிர்கொள்வன. அங்கே வடையும் ரோல்சும் நிறைந்த தட்டொன்று மேசையில் வைக்கப்படும். உண்டவற்றுக்கு மட்டும் விலை கொடுத்தெழுவர். வாங்குவோன் சொல்லை விற்போன் நம்புதலே அவ்வழக்கின் அடிப்படை.

இனி, தட்டிலுள்ள உணவு எங்கிருந்து வருவது என்பது சிந்தித்தற்குரியது. வன்னி மண்ணில் நெல்லும் உழுந்தும் பயறும் குரக்கனும் விளைகின்றன. ஆயினும், பாணும் ரொட்டியும் ரோல்சும் கோதுமை மாவாலாவன. கோதுமையோ ஈழத்தில் விளைவதன்று. 2022ஆம் ஆண்டிலே அந்நியச் செலாவணி அற்றபோது மாவின் விலை பெரிதும் உயர்ந்தது. எரிவாயுவும் கிடையாமையால் நாடெங்கணும் பல கடைகளின் அடுப்புகள் அணைந்தன. அயல்நாட்டுத் தானியத்தையே நம்பிய கடை, அயலவர் துறைமுகம் அடைபடின் தானும் அடைபடும் என்பது அப்போது யாவர்க்கும் புலனாயிற்று.

இக்குறைக்கு ஒரு மாற்று, வடமாகாண சபைக் காலத்திலே விவசாயத் துறையினர் தொடங்கிய 'அம்மாச்சி' உணவகங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி முதலாகப் பல இடங்களில் அவை அமைந்தன. ஊர்ப் பெண்கள் உண்போர் கண்முன்னே சமைத்து, உள்ளூர்த் தானிய உணவுகளைக் குறைந்த விலைக்கு விற்பர். வரும் ஊதியம் சமைத்தவர்க்கே உரியது. போரிற் கணவரை இழந்து குடும்பந் தாங்கும் பெண்கள் பலருள்ள வன்னிக்கு இம்முறை மிகப் பொருத்தமானதாகும்.

குளத்து நீர் வயலில் நெல்லாகி, அந்நெல் அயலூர்ப் பெண்ணின் கையிற் பிட்டாகி, வழிப்போக்கன் பசியைத் தணிக்குமாயின், அப்பணம் ஊரிலேயே தங்கும். உழவரும் சமைப்போரும் உண்போரும் ஒருங்கே பயன்பெறும் உண்டிச்சாலையே ஊருக்கு உறுதி பயப்பதென்க.