வேறுபாட்டைச் சுட்டும் ஆங்கில அடை – பெயர் இணைவுகள்: திருப்புட்குழி வாதத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரு சொல் மற்றொரு சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் இயல்பு சொல்லிணைவு எனப்படும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கருத்தை மொழியியலில் நிலைபெறச் செய்தவர் ஜே.ஆர். ஃபர்த். தமிழாய்வுக்கு ஆங்கிலச் சுருக்கம் எழுதுவோர்க்குத் துணையாகும் வகையில், வேறுபாட்டைச் சுட்டும் ஆங்கில இணைவுகளின் பொருளெல்லையை இக்கட்டுரை விளக்குகிறது.

அடையும் பெயரும்

‘ஸ்லைட் டிஃபரன்ஸ்’ என்பது அளவின் சிறுமையைக் குறிக்கும். ‘சட்டில் டிஃபரன்ஸ்’ என்பது எளிதில் புலப்படாத நுண்மையைக் குறிக்கும். ‘மார்க்ட்’ என்னும் அடை தெளிவாகப் புலப்படுவதையும், ‘ஃபண்டமென்டல்’ என்பது அடிப்படையிலேயே வேறாதலையும் உணர்த்தும். பெயர்ச்சொல்லும் தனக்குரிய அடையைத் தெரிந்துகொள்ளும். ‘கேப்’ என்பது ‘வைட்’ என்பதோடும், ‘கான்ட்ராஸ்ட்’ என்பது ‘ஷார்ப்’, ‘ஸ்டார்க்’ என்பனவற்றோடும் இணையும். ‘அதிக வேறுபாடு’ என்னும் தமிழ்த் தொடரை ‘ஹை டிஃபரன்ஸ்’ எனப் பெயர்ப்பது ஆங்கில வழக்கன்று. ‘கிரேட்’, ‘கன்சிடரபிள்’ என்பனவே பொருந்தும்.

திருப்புட்குழி வாதம்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் இராமானுசர் வேதாந்தம் பயின்றார் என்பது வைணவ மரபு. சாந்தோக்கிய உபநிடதத்தின் ‘கப்யாசம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் காண்பதில் இருவரும் மாறுபட்டதாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். உலகம் மெய் என்பதில் இருவர்க்கும் உடன்பாடே. ஆயின் பிரமத்திற்கும் உலகிற்கும் வேற்றுமையும் ஒற்றுமையும் இயல்பாகவே உள்ளன என்றார் யாதவப்பிரகாசர். அவ்வாறாயின் உலகின் குறைகள் பிரமத்தைச் சாரும் என மறுத்த இராமானுசர், அவ்வுறவை உடல் – உயிர் உறவாக விளக்கினார். மேலோட்டமாக நோக்குவோர்க்குப் புலப்படாமையின் இது ‘சட்டில்’. கொள்கையின் வேரைத் தொடுவதால் ‘ஃபண்டமென்டல்’. இதனை ‘ஸ்லைட்’ என்று எழுதினால் வாதமே பொருளற்றதாகிவிடும். நுண்ணியது சிறியதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

குறிப்பிடத்தக்க வேறுபாடு

‘சிக்னிஃபிகன்ட் டிஃபரன்ஸ்’ என்பது பொதுவழக்கில் கருதத்தக்க வேறுபாட்டைக் குறிக்கும். புள்ளியியலிலோ, வேறுபாடே இல்லை எனக் கொண்டால் கிடைத்த முடிவு அரிதாகவே நேரும் என்பதை உணர்த்தும், 0.05 என்னும் வரம்பு பெரிதும் பின்பற்றப்படுகிறது. அளவில் சிறிய வேறுபாடும் இப்பொருளில் ‘சிக்னிஃபிகன்ட்’ ஆகலாம். எனவே, சோதனை நிகழ்த்தாத இலக்கிய ஆய்வில் ‘நோட்டபிள்’ என்பது ஐயத்திற்கு இடந்தராது.

முடிவுரை

அளவு, புலப்பாடு, அடிப்படை, புள்ளியியல் உறுதி என்னும் நான்கும் தனித்தனி அளவுகோல்கள். ஆய்வாளர் தம் சான்று எதனை நிறுவுகிறது எனத் தெளிந்தபின் அடையைத் தெரிவு செய்தல் வேண்டும். அடை பிழைப்பின் முடிவும் பிழைபடும்.