பல்கலைக்கழக மின்னஞ்சல்: சாவி நம்மிடம், வீடு யாருடையது?



பினாங்கு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்திற்கு முதலாம் ஆண்டில் வந்து சேரும் மாணவருக்கு இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று விடுதி அறையின் சாவி. மற்றொன்று பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய மின்னஞ்சல் கணக்கு. சாவியை ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மின்னஞ்சலும் அப்படி இரவலாக வந்த பொருள்தான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் மொழிக் கழகச் செயலவையில் இருந்த காலத்தில், "அண்ணா, நம் மின்னஞ்சலைப் பல்கலைக்கழகம் படிக்குமா?", "படிப்பு முடிந்ததும் இந்தக் கணக்கு என்னவாகும்?" என்று இளைய மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அக்கேள்விகளுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முகவரி யாருடையது?

ஜிமெயில் போன்ற சொந்தக் கணக்கை நாமே திறக்கிறோம். அங்கே ஒப்பந்தம் நமக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையே உள்ளது. பல்கலைக்கழகக் கணக்கு அப்படியன்று. முன்பு பல்கலைக்கழகங்கள் தங்கள் கணினி மையத்திலேயே அஞ்சல் சேவையகத்தை வைத்து நடத்தின. 2006-ஆம் ஆண்டில் கூகள் நிறுவனம் கல்விக்கூடங்களுக்கென்று தனிச் சேவையைத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் இத்துறையில் இறங்கியது. இன்று உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டில் ஒன்றைப் பயன்படுத்துகின்றன.

அஞ்சல் வெளிநாட்டு நிறுவனத்தின் கணினியில் கிடந்தாலும், கணக்கின் நிர்வாகி பல்கலைக்கழகமே. நிர்வாகியால் நம் கடவுச்சொல்லை மாற்ற முடியும். கணக்கை நிறுத்த முடியும். எப்போது, எங்கிருந்து நுழைந்தோம் என்ற பதிவைப் பார்க்க முடியும். அதற்குரிய வசதியைப் பெற்றிருந்தால் அஞ்சல்களைத் தேடி எடுக்கவும் முடியும். அழித்துவிட்டோம் என்று நிம்மதி அடைவதற்கும் இல்லை. கூகளின் கல்விக் கணக்கில் அழித்த அஞ்சல் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அங்கிருந்தும் போன பிறகு மேலும் 25 நாள்களுக்குள் நிர்வாகியால் அதை மீட்க இயலும். அஞ்சலைப் பெற்றவரிடம் இருக்கும் நகலோ நம் கையில் இல்லவே இல்லை.

யார் படிக்கலாம்?

முடியும் என்பது வேறு; செய்யலாம் என்பது வேறு. இந்த வேறுபாட்டை உணர்த்தும் வழக்கு ஒன்று ஒரு கல்லூரியிலிருந்தே பிறந்தது. வேல்ஸ் நாட்டின் கார்மார்தன்ஷயர் கல்லூரியில் முதல்வரின் உதவியாளராகப் பணியாற்றியவர் லினெட் கோப்லண்ட். அவருக்கு எந்த முன்னறிவிப்பும் தராமல் அவருடைய தொலைபேசி, மின்னஞ்சல், இணையப் பயன்பாடு ஆகியவை கண்காணிக்கப்பட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 ஏப்ரல் 3-ஆம் நாள் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பணியிடத்தில் அனுப்பும் மின்னஞ்சலும் ஒருவரின் தனிவாழ்வில் அடங்கும் என்பதே தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2012-இல் ஒரு தேர்வு மோசடியை விசாரித்தது. அது பற்றிய உள்தகவல் பத்திரிகைக்கு எப்படிப் போனது என்று அறிய, 16 விடுதிப் பொறுப்பாளர்களின் கணக்குகளில் நிர்வாகம் தேடுதல் நடத்தியது. 2013 மார்ச்சில் இது வெளியானபோது பேராசிரியர்கள் கொதித்தெழுந்தனர். பிறகு 2014-இல், எந்தச் சூழலில், யாருடைய ஒப்புதலோடு கணக்கைத் திறக்கலாம் என்பதற்கு அப்பல்கலைக்கழகம் எழுத்துப்பூர்வமான விதிமுறையை வகுத்தது.

இந்த இரண்டும் மலேசியாவைக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆயினும் அவை சொல்லும் பாடம் நமக்கும் பொருந்தும். வைரஸ் தடுப்பு, ஒழுங்கு விசாரணை, நீதிமன்ற ஆணை போன்ற காரணங்களுக்காகக் கணக்கைத் திறக்கும் தேவை எந்த நிறுவனத்துக்கும் வரலாம். அதை எப்போது, யார் செய்வார் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் முறை.

நம் நாட்டுச் சட்டங்கள்

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. ஆனால் அது வணிகப் பரிமாற்றங்களில் திரட்டப்படும் தரவுகளுக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது என்று சட்டமே கூறுகிறது. தனியார் உயர்கல்விக்கூடங்கள் இச்சட்டத்தின்கீழ்ப் பதிந்துகொள்ள வேண்டிய பட்டியலில் உள்ளன. பொதுப் பல்கலைக்கழக மாணவர்களோ இச்சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. தங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறையையும் தேடிப் படிக்க வேண்டும்.

அடுத்தது கணினிக் குற்றச் சட்டம் 1997. நூலகக் கணினியில் நண்பர் மூடாமல் விட்டுச் சென்ற அஞ்சல் பெட்டியை விளையாட்டாகத் திறந்து படிப்பதும் அனுமதியற்ற நுழைவாகக் கருதப்படலாம். இக்குற்றத்துக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் உண்டு. இதைவிடப் பலரும் அறியாதது 6-ஆம் பிரிவு. அனுமதி இல்லாதவருக்குக் கடவுச்சொல்லைச் சொல்வதே குற்றம். அதற்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மூன்றாவது, 2012 ஜூலை 31-இல் நடப்புக்கு வந்த சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவு. இணையத்தில் வெளியான ஒன்றில் உரிமையாளர் அல்லது நிர்வாகி என்று ஒருவர் பெயர் காணப்பட்டாலோ, அது புறப்பட்ட கணினி அவர் பொறுப்பில் இருந்தாலோ, அவரே வெளியிட்டார் என்று அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை அவர் தலையில் விழும். "என் கணக்கை நண்பன் பயன்படுத்தினான்" என்ற விளக்கம் எவ்வளவு பலவீனமானது என்பது இப்போது புரியும்.

கொல்கத்தா தரும் படிப்பினை

கழகங்கள் கூர்ந்து நோக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று இந்தியாவில் நடந்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்த கேலிச்சித்திரம் ஒன்றைத் தம் குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து உறுப்பினர்களுக்கு அனுப்பினார். 2012 ஏப்ரல் 12 இரவு அவர் கைது செய்யப்பட்டார். சங்கத்தின் முதிய செயலாளரும் உடன் கைதானார். அவர்கள்மீது பயன்படுத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் செல்லாது என்று அறிவித்தது. ஆயினும் பேராசிரியர் முழுமையாக விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில்தான். செயலாளர் அந்த நாளைக் காணாமலேயே காலமாகிவிட்டார்.

கேலிச்சித்திரம் அனுப்பியதற்காக ஒருவரைச் சிறைப்படுத்தியது அநீதி என்பதே என் கருத்து. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. சங்கத்தின் பெயரில் போகும் அஞ்சல், அனுப்பியவரோடு நிற்பதில்லை. நம் கழகங்களில் ஒரே கடவுச்சொல் தலைவரிடமிருந்து செயலாளருக்கும் அவரிடமிருந்து அடுத்த ஆண்டுச் செயலவைக்கும் கைமாறுகிறது. பட்டம் பெற்றுப் போனவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. யார் எதை அனுப்பினார் என்று பின்னாளில் யாராலும் சொல்ல இயலாது.

அந்தப் பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். உதவிநிதிக்கு விண்ணப்பித்த மாணவர்களின் அடையாள அட்டை எண், பெற்றோரின் வருமானம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில்தான் இருக்கும். தோட்டத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு தங்கை, தன் வீட்டு நிலைமையை நம்மை நம்பி எழுதி அனுப்புகிறாள். அந்தப் பட்டியலை எல்லா உறுப்பினருக்கும் தெரியாமல் அனுப்பிவிட்டால் அவளுக்கு ஏற்படும் தலைகுனிவை எந்த மன்னிப்புக் கடிதத்தாலும் சரிசெய்ய முடியாது. தனியுரிமை என்பது நாம் கேட்டுப் பெறுவது மட்டுமன்று. பிறருக்கு நாம் தருவதும் ஆகும்.

பட்டம் பெற்ற பின்

கூகள் நிறுவனம் கல்விக்கூடங்களுக்கு அளவற்ற சேமிப்பிடம் தந்துவந்தது. 2021-இல் அதை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்று அடிப்படை வரம்பு வைத்தது. 30,000 பேர் கணக்கு வைத்திருந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 3.3 கிகாபைட்தான் வரும். இதனால் பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் முன்னாள் மாணவர்களின் கணக்குகளைச் சுருக்கின அல்லது மூடின. கணக்கு மூடப்படும்போது அஞ்சலோடு ஆய்வுக் கட்டுரை, நிழற்படம், அந்த முகவரியால் பதிந்த பிற சேவைகள் எல்லாமே கைவிட்டுப் போகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பாடம், ஆய்வு, பல்கலைக்கழக அலுவல் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக முகவரி. குடும்பம், மருத்துவம், வங்கி, காதல், அரசியல் ஆகியவற்றுக்குச் சொந்த முகவரி.

2. கல்விக்கடன், வேலை விண்ணப்பம் போன்று பட்டம் பெற்ற பிறகும் தொடரும் தொடர்புகளுக்குச் சொந்த முகவரியையும் கொடுத்து வையுங்கள்.

3. "உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, கடவுச்சொல்லை உறுதிசெய்யுங்கள்" என்று வரும் அஞ்சலை நம்பாதீர்கள். ஐயம் இருந்தால் கணினி மையத்தையே நேரில் கேளுங்கள். இரட்டைச் சரிபார்ப்பு வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

4. பலருக்கு அனுப்பும்போது முகவரிகளை மறைநகல் கட்டத்தில் இடுங்கள்.

5. புதிய செயலவை பொறுப்பேற்கும் நாளிலேயே கழகக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தேவை முடிந்த விண்ணப்பங்களை அழித்துவிடுங்கள்.

6. இறுதித் தவணையிலேயே தேவையான கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள்.

இவை தனியொருவர் செய்யக்கூடியவை. கழகமாகச் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணக்கை யார், எந்தக் காரணத்துக்காகத் திறக்கலாம், திறந்தால் மாணவருக்கு எப்போது தெரிவிக்கப்படும், பட்டம் பெற்றபின் எத்தனை நாள் கணக்கு இருக்கும் என்ற நான்கு கேள்விகளுக்கும் தெளிவான பதிலை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் அங்குள்ள மாணவர்கள் பணிவோடு கேட்க வேண்டும். பதில் ஏற்கெனவே விதிமுறையில் இருந்தால், அதை எளிய தமிழில் எழுதிப் புதிய மாணவர்களுக்கு அறிமுக வாரத்திலேயே கொடுப்பது மொழிக் கழகத்துக்கு ஏற்ற பணி. அடுத்த செயலவை இதை எடுத்துச் செய்யும் என்று நம்புகிறேன்.