பொருளியல் பட்டத்தின் மதிப்பறிதல்

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் முகப்பேர்ப் பெற்றோர் பலரிடம் ஒரு வினா எழுகின்றது: "வணிகவியலில் இடமில்லை, பொருளியலில் இருக்கிறது என்கிறார்கள். எந்தக் கல்லூரிப் பொருளியலுக்கு மதிப்பு?" அரும்பாக்கம், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், இராயப்பேட்டை, தாம்பரம் எனக் கல்லூரிகள் பலவாக இருக்க, மூன்றாண்டு உழைப்பையும் குடும்பத்தின் சேமிப்பையும் எங்கே ஒப்படைப்பது என்பது எளிய வினா அன்று.

பலரும் முதலில் நாடுவது தரவரிசையை. மைய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் தேசியத் தரவரிசை கல்லூரியை முழுமையாக அளக்கின்றதே தவிர, அதன் பொருளியல் துறையைத் தனித்து எடைபோடுவதில்லை. 1994 இல் நிறுவப்பெற்ற 'நாக்' குழுவின் தரச்சான்றும் அத்தகையதே. வேதியியல் துறை ஈட்டிய பெருமையில் பொருளியலும் பங்கு பெறுவதுண்டு. பெயர் பெறாத கல்லூரியில் நல்லதொரு பொருளியல் துறை மறைந்திருப்பதும் உண்டு.

சான்றிதழும் முழுத்துணை செய்யாது. 1978 இல் இலயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்றதிலிருந்து, சென்னைப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே பெயரைத் தாங்கிய பட்டங்களுக்குப் பின்னே பாடத்திட்டங்கள் வெவ்வேறாயின. ஆகவே பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும். கணிதமும் புள்ளியியலும் எத்தனை பருவங்களில் உள்ளன? தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புப் பட்டத்திற்குப் பள்ளிக் கணிதம் கட்டாயம். நம் கல்லூரிகள் பலவற்றில் கணிதம் பயிலாதவரும் சேரலாம், இது நல்லதே. ஆயினும் சேர்ந்தபின் அக்குறையை நிரப்பாத துறை, முதுகலை நுழைவுத் தேர்வில் மாணவனைக் கைவிட்டுவிடும். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதவோ முதுகலை இன்றியமையாதது.

நம் பல்கலைக்கழகம் பொருளியலில் பெயர் பெற்ற வரலாறு இங்கே நினையத்தக்கது. 1915 இல் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், பாடநூலோடு நின்றாரல்லர். விடுமுறைக்குச் செல்லும் மாணவர் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து, ஊர்களின் நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றை எழுதிவரச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அக்குறிப்புகள் 1918 இல் நூலாயின. பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து 1940 இல் வெளியிட்டனர். இருவேல்பட்டிலோ ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் 2008 இலும் சென்று ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்தும் அறிஞர் தேடிச்செல்லும் சான்றுக்கு வித்திட்டவர்கள் மாணவர்கள்! இன்றைய துறைகளுள் எத்தனை தம் மாணவரை இவ்வளவு நம்புகின்றன என்பது ஐயமே.

எனவே கல்லூரியைப் பார்க்கச் செல்வோர் கட்டடத்தை வியந்து திரும்பாமல், இறுதியாண்டு மாணவர் எழுதிய கள ஆய்வேடுகளைக் காட்டுமாறு துறைத் தலைவரிடம் கேட்கலாம். சென்ற மூன்றாண்டுகளில் எத்தனை பேர் முதுகலைக்குச் சென்றனர், எங்குச் சென்றனர் என்றும் கேட்கலாம். ஆய்வேட்டின் எண்கள் மாணவர் தாமே திரட்டியவையா, வேறோர் ஏட்டிலிருந்து பெயர்த்தவையா என்பது இரண்டு பக்கம் புரட்டினாலே விளங்கிவிடும். முகப்பேர் மாணவன் களம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் கூலி எவ்வாறு அமைகின்றது, முதல் எங்கிருந்து வருகின்றது என வினவ, பேருந்தில் சிறிது நேரப் பயணமே போதும்.